கூப்பிட இங்கே அழுத்தவும்

எங்கள் தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிஷன் லைன் வீடுகளில் போன் பேச வேண்டுமென்றால் லாரி திரும்பும் வளைவுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் சிங்காரம் வீட்டு அடுப்படிப் பின்வாசலுக்கு. மற்ற இடங்களில் சிக்னல் கோடு ஒன்று காட்டும், பேச ஆரம்பித்ததும் போய்விடும். வளைவில் நின்றால் மழையில் நனைய வேண்டும். அதனால் லைனில் பாதிப் பேர் முக்கியமான பேச்சுகளைச் சிங்காரம் வீட்டுப் பின்வாசலில் நின்றுதான் பேசினார்கள். கல்யாணம் முடிவானதும் அங்கேதான், இழவு சொன்னதும் அங்கேதான். சிங்காரத்தின் மனைவி சீதா வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். ஒன்றையும் வெளியே விட்டதில்லை.

அந்தப் பின்வாசலில்தான் அவர்கள் மகள் சுபத்ராவின் ஆபீஸ் இருந்தது. தண்ணீர் ட்ரம்மின் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் கணினி, உட்காரக் கவிழ்த்துப் போட்ட காய்கறிக் கூடை. ஈப்போவில் படித்துவிட்டுக் கோலாலம்பூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருந்தவள் அவள். நிறுவனத்தை மூடிவிட்டார்கள். இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்க மனமில்லாமல் மலைக்குத் திரும்பி, அதே வேலையைச் சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தாள். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், பூ வளர்க்கிறவர்கள், கியா பார்ம் சந்தை ரோட்டோரத்தில் கடை போட்டிருப்பவர்கள், இவர்களுடைய சரக்கை இணையத்தில் ஆட்கள் கண்ணில் படும்படி செய்து கொடுப்பது. அவளுக்கே ஆள் பிடிக்கவும் ஒரு பக்கம் வைத்திருந்தாள். ஒரே ஒரு பக்கம். அவள் விளம்பரத்தைத் தொட்டவர்கள் அங்கே வந்து இறங்குவார்கள். படித்துப் பார்த்துப் பிடித்திருந்தால் தொடர்புகொள்வார்கள். லேண்டிங் பேஜ் என்பாள். என் மனைவி மலருக்கு அது பஸ் ஸ்டாண்டு.

“என்ன சுபா, பஸ் ஸ்டாண்டுல இன்னைக்கி யாராச்சும் எறங்கினாங்களா?” என்று பலகைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்பாள்.

“எறங்கறாங்க அத்தை. சுத்திப் பாத்துட்டு அடுத்த பஸ்ல ஏறிப் போயிடறாங்க.”

நாங்கள் அடுத்த வீடு. நான் தொழிற்சாலையில் பச்சை இலை வாட்டும் தளத்தில் வேலை. மலர் சிங்காரத்தை அண்ணன் என்று கூப்பிடுவாள், அதனால் நான் அவருக்கு மச்சான். ரத்த உறவு ஒன்றுமில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் அந்த வீட்டுக் கறியில் பாதி எங்கள் தட்டுக்கும், எங்கள் வீட்டுச் சண்டையில் பாதி அவர்கள் காதுக்கும் போய்க்கொண்டிருந்தது.

அந்த வருடம் சிங்காரத்துக்கு அறுபது முடிந்தது. ஒரு சாயங்காலம் மழையோடு எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி குகனேஸ்வரன் மோட்டார் சைக்கிளில் வந்தான். மழைக்கோட்டை வாசலில் உதறிவிட்டு அடுப்படிக்கே வந்து உட்கார்ந்தான். சின்ன வயது கிராணி. ஆபீஸில் துரை மாதிரி பேசுவான், வீட்டுக்கு வந்தால் தம்பி. சீதா அவனுக்குப் பால் இல்லாத தே-ஓ ஊற்றி, நெத்திலிச் சம்பாலோடு இரண்டு ரொட்டி வைத்தார்.

“அண்ணே, ஆபீஸ்ல கேக்கறாங்க. இந்த வீடு அடுத்தது யார் பேர்லண்ணே?”

“யார் பேர்லன்னா?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்கலா. வேலைல ஒரு ஆள் இருந்தாத்தான் வீடு. உங்களுக்கு மாசக் கடைசியோட முடியுது. புவனேஷ் வருவானா?”

புவனேஷ் மூத்த மகன்.

“அவன் ஜொகூர்ல லோரி ஓட்டறான். பொண்டாட்டி பிள்ளைங்கள விட்டுட்டு இங்க வந்து கொழுந்து வெட்டப் போறானா?”

“அப்ப தங்கச்சி சுபத்ரா பேரக் குடுத்துருங்க. பேக்டரி ஆபீஸ்ல ஆள் பாக்கறாங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ள, வெயில்ல மழைல நிக்க வேணாம்.”

பின்வாசலிலிருந்து சுபத்ரா திரும்பிப் பார்த்தாள். “நான் வேலை பாத்துக்கிட்டுதாண்ணே இருக்கேன்.”

“தெரியும்மா. ஆனா அதுக்கு எஸ்டேட்டு வீடு குடுக்காதே.”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பேர் இல்லாத வீட்டை பங்ளாதேஷிலிருந்து வந்து இறங்கும் புது ஆட்களுக்கு ஒதுக்குவது வழக்கமாகியிருந்தது. எங்கள் லைனிலேயே அப்படிப் பல வீடுகள் கைமாறிவிட்டன. குகன் ரொட்டியைச் சம்பாலில் தொட்டுத் தின்று முடித்து, “நீங்க யோசிச்சு சொல்லுங்கண்ணே” என்று கிளம்பினான்.

அவன் போனபின் சிங்காரம் மகளிடம் நேராகவே சொன்னார். “மாசக் கடைசி வரைக்கும் பாரு. உன் வேலைக்கு ஆள் வந்துச்சுன்னா ரிங்லெட்ல வீடு பாப்போம். வரலன்னா உன் பேரக் குடுத்துருவேன். அழுதாலும் குடுத்துருவேன்.”

“நான் எதுக்கு அழணும்?” என்றாள் சுபத்ரா. ஆனால் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து அவள் அந்தப் பக்கத்தைப் பிரித்துப் போட்டு வேலை செய்ய ஆரம்பித்தாள். எனக்குக் காலை ஷிப்ட்டாக இருந்தால் மத்தியானம் வீட்டுக்கு வந்து அவர்கள் அடுப்படியில்தான் உட்காருவேன். மலர் அங்கே ஸ்ட்ராபெரி ஊறுகாய்க்குப் பழம் கழுவிக்கொண்டிருப்பாள். கியா பார்மில் விற்காமல் போகும் சின்னப் பழம், நசுங்கின பழம், பல் கூசும் புளிப்புப் பழம், இவற்றைக் கூடையோடு வாங்கி வந்து, மிளகாய்த்தூளும் கடுகும் நல்லெண்ணெயும் கொஞ்சம் வெல்லமும் போட்டுக் கிண்டுவாள். சனி ஞாயிறுகளில் ஒரு சீனர் கடையின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு விற்பாள். முதலில் பார்த்தவர்கள் எல்லாரும் ஜாம் என்று நினைத்து வாங்கி, திட்டிக்கொண்டே திருப்பிக் கொண்டுவந்தார்கள். சுபத்ராதான் படம் பிடித்துப் போட்டு, இது ரொட்டிக்கு இல்லை, சோற்றுக்கு என்று மலாயில் எழுதினாள். அதற்கப்புறம் அதைத் தேடியே வந்தார்கள். சுபத்ராவுக்கு மலையில் கிடைத்த முதல் ஆள் மலர்தான், கூலி இல்லாத ஆள்.

“அத்தை, இங்க பாருங்க. பழசு” என்று சுபத்ரா கணினியைத் திருப்பினாள்.

கண்ணாடிக் கட்டடம். அதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் ஒரு பெண். உங்கள் வணிகத்தை அடுத்த உயரத்துக்குக் கொண்டுசெல்கிறோம் என்று இங்கிலீஷில். கீழே என்னென்ன சேவைகள் என்று நீளமான வரிசை. இன்னும் கீழே பேர், விவரம் நிரப்பச் சொல்லி ஒரு பாரம். முகவரி கோலாலம்பூர்.

“யாருடி இந்த வெள்ளக்காரி?”

“அது வெலைக்கு வாங்கின படம்.”

“ஏன், உங்க அம்மாவ நிறுத்தியிருந்தா சும்மாவே சிரிச்சிருப்பாங்களே.”

“என் மூஞ்சியப் பாத்தா எறங்கறவங்களும் திரும்பி ஓடிருவாங்க” என்றார் சீதா.

“கோலாலம்பூர்னு வேற போட்டிருக்க?”

“எஸ்டேட் லைன்னு போட்டா எவன் அத்தை வேலை குடுப்பான்? அப்படித்தான் நெனச்சேன்.” சுபத்ரா கணினியை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “கோலாலம்பூர் மொதலாளிக்கு என்னை மாதிரி ஆயிரம் பேரு. அவன் என்னைத் தேட மாட்டான். என் வெளம்பரத்தத் தொடறது பிரிஞ்சாங், கோலா தெர்லா, ரிங்லெட் ஆளுங்க. அவங்க வந்து எறங்கினா, இது நமக்கான எடம் இல்லன்னு ஒரு நொடியில போயிடறாங்க. வீட்டு வாசல்ல செருப்பக் கூட கழட்டல.”

“அப்ப என்ன செய்யப் போற?”

“ஒரே ஒரு விஷயம்தான் சொல்லப் போறேன்.”

என்ன விஷயம் என்பதற்கு அவளுக்குச் சில நாள் பிடித்தது. எழுதுவாள், சத்தமாகப் படிப்பாள், அழிப்பாள். மலையில் சனி ஞாயிறு ஆனால் கியா பார்ம் வரைக்கும் சுற்றுலா வரும் காடிகள் நகராமல் நிற்கும். திங்கட்கிழமை வந்தால் ரோட்டில் நாய் படுத்திருக்கும். ஹோம்ஸ்டேக்காரர்களுக்கு அந்த வார நாட்கள்தான் தலைவலி. சுபத்ரா கடைசியில் எழுதியது இதுதான்: திங்கள் முதல் வியாழன் வரை காலியாகக் கிடக்கும் உங்கள் அறைகளுக்கு ஆள் கொண்டுவருகிறேன். மலாயில் பெரிதாக, கீழே தமிழில். வெள்ளைக்காரி போனாள். அந்த இடத்தில் சுபத்ராவே நின்றாள், பின்னால் தேயிலை. அந்தப் படத்தை எடுத்தது நான். நாலைந்து தடவை எடுத்தும் எங்கள் துணிக்கொடியும் படத்தில் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் மலர் கொடியை அவிழ்த்தாள். முகவரி, மேல் டிவிஷன், ரிங்லெட்.

பாரத்தையும் எடுத்துவிட்டாள். “தோட்டக்காரன் மண்ணுக் கையோட பாரம் நெரப்ப மாட்டான். கூப்பிடத்தான் செய்வான்” என்றாள். பாரம் இருந்த இடத்தில் ஒரு பச்சைப் பொத்தான் வந்தது. கூப்பிட இங்கே அழுத்தவும். அழுத்தினால் போன் நேராக அடிக்கும்.

எந்த போன் என்பதில்தான் பேச்சு வந்தது.

“என் நம்பரப் போட்டுக்கறேம்மா.”

“வேணாம்” என்றார் சீதா. “வயசுப் பிள்ள நம்பர ஊர் உலகத்துக்குப் போட்டா கண்டவன் எல்லாம் கண்ட நேரத்துல கூப்பிடுவான். அப்பா நம்பரே இருக்கட்டும். ஒரு ஆம்பளக் குரல் எடுத்தா மரியாதையா பேசுவான்.”

“அப்பா காட்டுல இருப்பாரு.”

“காட்டுலதான்மா லைன் கெடைக்கும்” என்றார் சிங்காரம். அது உண்மை. மேல் மேட்டில் கோடு நிறைய வரும். “யாரு, என்ன வேணும்னு கேட்டு வச்சுக்கறேன். சாயங்காலம் உனக்குச் சொல்றேன். போதும்ல?”

சுபத்ரா ஒத்துக்கொண்டாள். எங்கள் லைனில் கல்யாணமாகாத பெண்ணின் நம்பர் கேட்டால் அப்பா நம்பரோ அண்ணன் நம்பரோதான் கொடுப்பார்கள். அது யாருக்கும் விநோதமாகத் தெரிந்ததில்லை.

பக்கத்தின் அடியில் மலரின் படமும் வந்தது, ஊறுகாய்ப் போத்தலோடு. அவளைப் பற்றி இரண்டு வரி சொல்லச் சொன்னதற்கு மலர் சொன்னதை அப்படியே சுபத்ரா எழுதிப் போட்டாள்: “சொன்ன வேலைய சொன்ன நாள்ல செய்யும். நல்ல பிள்ள. சந்தேகம் இருந்தா என்னைக் கூப்பிட்டுக் கேளுங்க.”

“அத்தை, கூப்பிட்டுக் கேளுங்கன்னா நம்பர் போடணும்.”

“போடு.”

“கண்டவனும் கூப்பிடுவான்னு அம்மா சொல்றாங்களே?”

“கூப்பிடட்டும். ஊறுகாய் வித்துருவேன்.”

புதுப் பக்கம் வந்து ஒரு வாரத்தில் சுபத்ராவின் முகம் மாறியது. ஆட்கள் வந்து இறங்குகிறார்கள், நின்று படிக்கிறார்கள் என்று கணினி காட்டியது. அதைவிட முக்கியம், அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்துகிறார்கள். தினமும் யாராவது அழுத்துகிறார்கள். ஆனால் சாயங்காலம் அப்பாவைக் கேட்டால் ஒரே பதில்.

“யாராச்சும் கூப்பிட்டாங்களாப்பா?”

“ஒருத்தனும் இல்லம்மா.”

அவள் பொத்தானில்தான் கோளாறு என்று நினைத்தாள். நிறத்தை மாற்றினாள், மேலே ஏற்றினாள், கீழே இறக்கினாள், முழுசாக அழித்துத் திரும்பப் போட்டாள். கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் அடுப்படியில் இருந்தோம். வெளியே பனிமூட்டம் இறங்கி எதிர் லைன் தெரியவில்லை. சீதா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். சிங்காரம் மணைக்கட்டையில் உட்கார்ந்து சார்டின் குழம்போடு தின்றுகொண்டிருந்தார். நான் அப்போதுதான் புது சிம் கார்டு போட்டிருந்தேன்.

“மாமா, உங்க போன்ல என் பேஜத் திறந்து அந்த பட்டன அழுத்துங்க. வேலை செய்யுதான்னு பாப்போம்” என்று சுபத்ரா என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

பின்வாசலில் நின்று அழுத்தினேன். சிங்காரத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் இடது கையால் எடுத்தார். எண்ணைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். சிவப்பை அழுத்தினார். அப்புறம் வேறு இரண்டு இடத்தில் நிதானமாக அழுத்திவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு, “சீதா, இன்னும் ஒண்ணு” என்று தட்டை நீட்டினார்.

“யாருப்பா?” என்றாள் சுபத்ரா.

“ஏமாத்துக்காரன், ஸ்கேம்லா. தெனமும் நாலஞ்சு வருது.”

சீதா தோசைக்கரண்டியோடு நின்றுவிட்டார். மலர்தான் முதலில் சிரித்தாள்.

“அண்ணே, அது இவருலா. உங்க மச்சான். இங்க நிக்கறாரு பாருங்க.”

சிங்காரம் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். நான் மறுபடியும் கூப்பிட்டேன். போகவில்லை. என் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டார்.

கீழ் லைன் மாடசாமிக்கு நடந்ததிலிருந்து சிங்காரம் அப்படித்தான். மாடசாமியைப் போலீஸ் என்று சொல்லி ஒருவன் போனில் கூப்பிட்டு, பேசிப் பேசி, சேமநிதி முழுவதையும் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் எஸ்டேட்டில் தெரியாத எண் என்றாலே யாருக்கும் உடம்பு விறைக்கும். சிங்காரம் தேயிலை வெட்டும் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடிக்கிறவர். இரண்டு பேர் நிரையின் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு போக வேண்டிய மெஷின் அது. போன் அடித்தால் மெஷினை நிறுத்தச் சொல்லி, கையுறையைக் கழற்றி, எண்ணைப் பார்த்து வெட்டி, அந்த எண் இனி வராதபடி தடுத்துவிட்டுத்தான் மறுபடி பிடிப்பாராம். எதிர்ப்பக்கம் பிடிக்கும் அர்ஜுனன் இதை அப்புறம் எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

“அப்பா, நான் சொன்னேன்ல, ஆளுங்க கூப்பிடுவாங்கன்னு.”

“நீ ஆளுங்கன்னு சொன்ன. மொதல்ல வந்த ரெண்டு மூண எடுத்துப் பாத்தேன். எடுத்த எடுப்புல, சுபத்ரா இருக்காங்களான்னு மலாய்ல கேக்கறானுங்க. உன் பேரு அவனுங்களுக்கு எப்படித் தெரியும்? மாடசாமிகிட்டயும் அப்படித்தான் பேரச் சொல்லிக் கூப்பிட்டான்.”

“பேஜ்ல என் பேரு இருக்குப்பா.”

சிங்காரம் தட்டைக் கீழே வைத்தார். போனை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார். அன்றைக்கு நாங்கள் நிறையச் சிரித்தோம். சுபத்ராவும் சிரித்தாள். தடுக்கப்பட்ட எண்களை ஒவ்வொன்றாக விடுவித்துக் கூப்பிட்டாள். சிலர் எடுக்கவில்லை. சிலர் வேறு ஆளைப் பிடித்துவிட்டோம் என்றார்கள். பிரிஞ்சாங்கில் ஒரு மலாய் அம்மா மட்டும் வரச் சொன்னார். அது போதவில்லை. இருந்தாலும் இனிமேல் வரும் என்ற தெம்பு இருந்தது. எண்ணை மாற்றவில்லை. “இனிமே எடுப்பேன்லா, எனக்கென்ன தெரியாதா?” என்று சிங்காரம் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை மலர் கியா பார்மிலிருந்து திரும்பியதும் நேராக எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பழக்கூடையை அவர்கள் வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். சிங்காரம் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, கோலா தெர்லால நல்லுசாமின்னு ஒருத்தர் எனக்கு போன் பண்ணாரு.”

சிங்காரம் நிமிரவில்லை.

“ஊறுகாய்க்கா?” என்றார் சீதா.

“இல்ல அண்ணி. ‘என்னம்மா, நல்ல பிள்ளன்னு உன் படத்தப் போட்டு எழுதியிருக்க. நேத்து கூப்பிட்டா, அப்பான்னு ஒருத்தர் எடுத்து, பிள்ள அந்த வேலைய விட்டுருச்சு, எஸ்டேட்ல சேந்துருச்சுன்னு சொல்றாரு. அப்பறம் எதுக்கு வெளம்பரம்?’னு கேக்கறாரு.”

தண்ணீர் வாளியில் குவளை மிதந்துகொண்டிருந்தது. சிங்காரம் அதை எடுத்து மறுபடி காலில் ஊற்றினார். காலில் மண் எப்போதோ போய்விட்டது.

“தமிழ்ல பேசினாரா?” என்று சுபத்ரா கேட்டாள். மலரைக் கேட்கவில்லை, அப்பாவைக் கேட்டாள்.

“ஆமா.”

“ஸ்கேம்னு நெனக்கலயே?”

“இல்ல.”

சிங்காரம் துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு மணைக்கட்டையில் உட்கார்ந்தார். பேசினால் மெதுவாகப் பேசுகிற ஆள். அன்றைக்கு இன்னும் மெதுவாகப் பேசினார்.

“எனக்கு வேலைன்னா என்னன்னு தெரியும். காலைல பேர் கூப்பிடுவான், போவேன், சாயங்காலம் நிறுத்துவான், மாசக் கடைசில சம்பளம். நீ என்ன செய்யறன்னு எனக்குப் புரியலம்மா. எவனோ எங்கயோ ஒரு பட்டன அழுத்துவான்னு தண்ணி ட்ரம் முன்னாடி உக்காந்திருக்க. இன்னைக்கி அழுத்துவான். வீட்ட விட்டு வெளிய போனதுக்கு அப்பறம் அழுத்தலன்னா? உங்கம்மாவுக்கு முட்டி வலி. நான் எங்க போய் நிப்பேன்? அந்த ஆளு பேசறப்ப இதெல்லாம் வந்துச்சு. சொல்லிட்டேன்.”

“அழுத்தினாங்களேப்பா” என்றாள் சுபத்ரா.

அவ்வளவுதான் சொன்னாள். சிங்காரம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

சீதா அடுப்பை அணைத்தார். கணவரின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அலமாரியின் மேல் வைத்தார். “உன் நம்பரப் போடுடி” என்றார். “கண்டவன் கூப்பிட்டா நான் பாத்துக்கறேன்.”

சுபத்ரா கூடையில் உட்கார்ந்து எண்ணை மாற்றினாள். கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை அதற்கு. மலர் என் கையைக் கிள்ளி வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்குள் வந்ததும், “நான் தனியா கூப்பிட்டு சொல்லியிருக்கணுமோ?” என்றாள். அன்று முழுவதும் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சே கேட்கவில்லை.

மறுநாள் காலை சிங்காரம் சட்டை மாற்றிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். “மச்சான், காடி இருக்குல்ல? கோலா தெர்லா போலாம்.”

என் பழைய காடியில் நான்கு பேர் போனோம். சீதா வரவில்லை. கியா பார்மில் நெரிசலில் மாட்டி ஊர்ந்தோம். முன் சீட்டில் சிங்காரம் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் மலர் சுபத்ராவிடம் எந்தக் கடையில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

நல்லுசாமி முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். லாரியிலிருந்து இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டு வந்தார். தோட்டத்துக்கு மேல் வீட்டு மாடியில் மூன்று அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். வெள்ளி, சனி இரவு மட்டும் ஆள் வரும், மற்ற நாளில் மனைவி பிரேமலா மெத்தையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்.

சிங்காரம் முன்னால் போனார். “அன்னைக்கி போன எடுத்தது நான்தாங்க. பிள்ள வேலைய விடல. நான் பொய் சொன்னேன்.”

நல்லுசாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். “அது அப்பவே தெரிஞ்சுதுங்க. பொய் சொல்லிப் பழகினவன் சரளமா பேசுவான். நீங்க அந்த ஒரு வரியச் சொல்றதுக்குள்ள என் லோரி பாதி ஏத்தி முடிஞ்சிருச்சு.” பிறகு சுபத்ராவிடம் திரும்பினார். “வாம்மா, மேல வந்து ரூமப் பாரு. எனக்கும் மூணு பொண்ணு. ஒண்ணும் சொல்றதக் கேக்காது.”

சுபத்ரா மாடிக்குப் போய்ப் படம் எடுத்தாள், பிரேமலாவிடம் நெடுநேரம் கேள்வி கேட்டாள். வருகிறவர்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள், எந்த சன்னலைத் திறக்கிறார்கள், எதற்குக் குறை சொல்கிறார்கள் என்றெல்லாம். சிங்காரம் கீழே நின்று ஒரு முட்டைக்கோஸைத் தூக்கிக் கொடுத்தார். பிறகு இன்னொன்று. நாங்கள் கிளம்பும்போது லாரி நிறைந்திருந்தது, அவர் சட்டை முழுக்க மண்.

அந்த வேலை ஒழுங்காக முடிந்தது. நல்லுசாமி அந்த வட்டாரத்தில் வாய் ஓயாத ஆள், அவர் சொல்லி இன்னும் சிலர் கூப்பிட்டார்கள். பிரிஞ்சாங் அம்மாவின் தங்கை கூப்பிட்டார். பச்சைப் பொத்தான் அழுத்தப்பட்டால் இப்போது சுபத்ராவின் போனே அடித்தது. அவள் எடுத்தாள். கண்டவன் ஒருவனும் கூப்பிட்டான். சீதா வாங்கி மூன்று வார்த்தை பேசினார், அப்புறம் அவன் கூப்பிடவில்லை.

மாசக் கடைசியில் குகன் மறுபடி வந்தான். “பேரு?” என்றான்.

“பேரு இல்ல தம்பி. வீட்ட எழுதிக்கோங்க” என்றார் சிங்காரம்.

“நெசமாவா அண்ணே?”

“ஆமா. பிள்ளைக்கு வேலை இருக்கு.”

ரிங்லெட்டில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல்வீட்டில் குடிபோனார்கள். வாடகை கொடுக்க முடியாமல் தவித்த மாதங்களும் இருந்தன. இருந்தாலும் இன்றுவரை அங்கேதான் இருக்கிறார்கள். சிங்காரம் காலையில் எழுந்து பேர் கூப்பிடும் நேரத்துக்குச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று சீதா குறைபட்டுக்கொண்டார். அப்புறம் மகள் அவருக்கு ஒரு வேலை கொடுத்தாள். தோட்டக்காரர்களைக் கூப்பிட்டு, அடுத்த வாரம் அறை காலியா என்று கேட்டுச் சொல்வது. அவர் கூப்பிட்டால் முதலில் பாதிப் பேர் எடுப்பதில்லையாம், தெரியாத நம்பர் என்று.

அவர்கள் இருந்த வீட்டுக்கு நாலு பங்ளாதேஷ் பையன்கள் வந்தார்கள். பின்வாசலில் முறை வைத்து அம்மாக்களிடம் பேசுகிறார்கள். எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. அம்மாவிடம் பேசுகிறார்கள் என்பது தெரிகிறது.

அதற்கடுத்த மழைக்காலத்தில் மலருக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தாள். பிறகு மூச்சு வாங்கியது. மண் சரிந்து கீழ் ரோடு அடைபட்டிருந்தது. அர்ஜுனன் காடியை ஓட்ட, சுற்றிக்கொண்டு ஈப்போவுக்குக் கொண்டுபோனோம். காடியில் என் மடியில் தலை வைத்து, கூடையில் பழம் இருக்கு, அழுகிரும், அண்ணிக்கிட்ட குடுத்துருங்க என்றாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சுபத்ரா வந்தாள். தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“மாமா, பேஜ்ல அத்தை படம் இருக்கு. நம்பரும் இருக்கு. எடுத்துரட்டுமா?”

“யாராச்சும் அந்த நம்பருக்குக் கூப்பிடறாங்களா?”

“கூப்பிடறாங்க. புதுசா வர்றவங்க அத்தைகிட்ட கேட்டுட்டுத்தான் என்கிட்ட வருவாங்க.”

“அப்ப இருக்கட்டும்மா. போன் என்கிட்டதான் இருக்கு.”

“உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்.”

“இருக்கட்டும்” என்றேன்.

வாட்டும் தளத்தில் கோடு வராது. இலையைப் பரப்பி விசிறியைப் போட்டுவிட்டு, இடைவேளையில் மலரின் போனை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போவேன். வராத நாட்களே அதிகம். போன வாரம் ஒன்று வந்தது. பெண் குரல்.

“மலர் அக்காங்களா?”

“அவங்க வீட்டுக்காரர் பேசறேன். சொல்லுங்க.”

“அக்கா இல்லீங்களா?”

“தவறிட்டாங்க.”

“மன்னிச்சிருங்க, படத்தப் பாத்துக் கூப்பிட்டேன்” என்று வைக்கப் போனார்.

“வைக்காதீங்க. கேக்க வந்ததக் கேளுங்க.”

கியா பார்மில் பூக்கடை வைத்திருக்கிறாராம். சுபத்ராவிடம் வேலை கொடுக்கலாமா, நம்பலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மலர் எப்படிச் சொல்லுவாளோ அப்படியே சொன்னேன். சொன்ன வேலைய சொன்ன நாள்ல செய்யும். நல்ல பிள்ள. கூடவே, கூப்பிட்டா அதுவே எடுக்கும் என்றும் சொன்னேன்.

“சரிங்க” என்றவர், “படத்துல அந்த ஊறுகாய் இருக்கே, அது கெடைக்குங்களா?” என்று கேட்டார்.

“அது மட்டும் இப்ப இல்லீங்க.”

மழை பிடித்துக்கொண்டது. போனை பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தளத்துக்குத் திரும்பினேன். இலை திருப்பிப் போட வேண்டிய நேரம்.